கதவைத் திறந்த சொல்லும் அதுதான். கதவை அடைத்த சொல்லும் அதுதான்!

மொத்தம் 13 எழுத்துக்கள். ஆங்கில அகராதியில் அதற்குக் கொடுத்திருக்கும் இடம் இரண்டு வரிதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள்.

"எஜுகேஷனலி" என்பது அந்தச் சொல். 'கல்வி வகையில்', 'கல்வியைப் பொறுத்தவரையில்' என்று அதற்குப் பொருள்.

பார்ப்பதற்குச் சாதுவான சொல். ஆனால் அது இருந்த இடத்தில் எல்லாம் சண்டை! இந்தியாவின் அரசியல் சட்டத்தில் அது ஓர் இடத்தில் இருந்தது. இன்னோர் இடத்தில் இல்லை. அந்த வித்தியாசத்தால் ஒரு வழக்கு வந்தது. வழக்கின் தீர்ப்பால் சட்டமே திருத்தப்பட்டது. அதே சொல் இங்கிலாந்தில் குழந்தைகளின் நெற்றியில் ஒட்டப்பட்ட சீட்டாக இருந்தது. அந்தச் சீட்டைக் கிழித்து எறியப் பெற்றோர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு வலிமையா? ஆம். அந்தக் கதையைக் கேளுங்கள்.

இலக்கணம் என்ன சொல்கிறது?

ஆங்கிலத்தில் 'எஜுகேஷன்' என்றால் கல்வி. அது பெயர்ச்சொல். 'எஜுகேஷனல்' என்றால் கல்வி சம்பந்தமான. அது பெயருரிச்சொல். அதன் வாலில் 'லி' சேர்த்தால் 'எஜுகேஷனலி' ஆகிவிடும். இது வினையுரிச்சொல்.

வினையுரிச்சொல் என்றால் வினையோடு மட்டும்தான் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. ஆங்கிலத்தில் அது இன்னொரு பெயருரிச்சொல்லின் முன்னாலும் வந்து நிற்கும். 'பின்தங்கிய' என்று மட்டும் சொன்னால், எதில் பின்தங்கிய என்ற கேள்வி எழும். பணத்திலா? படிப்பிலா? பழக்க வழக்கத்திலா? 'எஜுகேஷனலி' என்ற சொல் அதற்கு முன்னால் வந்து நின்று, "படிப்பில்" என்று பதில் சொல்லிவிடும்.

இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, 'கல்வித் துறையில்' என்பது. "அந்த மாவட்டம் கல்வியில் முன்னேறியிருக்கிறது" என்னும்போது இந்தப் பொருள். மற்றொன்று, 'கற்றுக்கொடுக்கும் முறையில்' என்பது. "அந்தப் பொம்மை பிள்ளைகளுக்கு அறிவு தரும் வகையில் அமைந்திருக்கிறது" என்றால் இந்தப் பொருள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். இடத்தைப் பார்த்துத்தான் எது என்று கண்டுகொள்ள வேண்டும். தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. இரண்டுக்கும் வேறு வேறு சொல் போடுகிறோம்.

கோர்ட்டுக்குப் போனது முதல் பொருள்தான்.

பதினான்கு இடங்கள்

சென்னை மாகாணத்தில் 1920-களிலிருந்தே 'வகுப்புவாரி உத்தரவு' என்ற அரசாங்க உத்தரவு இருந்து வந்தது. உத்தியோகங்களும், பின்னர் கல்லூரி இடங்களும் இன்ன வகுப்புக்கு இத்தனை என்று பங்கிடப்பட்டன.

நாடு விடுதலை அடைந்த பிறகு நடைமுறையில் இருந்த கணக்கு இது: ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6; பிற்பட்ட இந்துக்களுக்கு 2; பிராமணர்களுக்கு 2; அரிசனங்களுக்கு 2; ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்து 1; முஸ்லிம்களுக்கு 1.

அப்போது மாகாணத்தில் 4 அரசாங்க மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. நான்கிலும் சேர்த்து 330 இடங்கள்தான். அதில் 17 இடம் வெளி ராஜ்ய மாணவர்களுக்கு. 12 இடம் அரசாங்கம் தன் விருப்பப்படி கொடுப்பதற்கு. மீதி 301. அந்த 301 இடங்களுக்குத்தான் அத்தனை போட்டியும்!

4 என்ஜினீயரிங் கல்லூரிகளில் இருந்தவை 395 இடங்கள்.

1950 ஜனவரி 26-ந் தேதி அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. அரசாங்கக் கல்வி நிலையத்தில் மதம், இனம், சாதி, மொழி இவற்றை மட்டும் காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனுக்கும் இடம் மறுக்கக் கூடாது என்று அதன் 29-வது பிரிவு கூறியது.

சில மாதங்களில் இரண்டு மனுக்கள் சென்னை ஐகோர்ட்டுக்கு வந்தன. ஒன்று செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி கொடுத்தது. அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடவில்லை. விசாரித்துப் பார்த்ததில், பிராமண வகுப்பைச் சேர்ந்தவர் என்பதால் தமக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்ததாக அவர் கூறினார். இன்னொருவர் சி.ஆர். சீனிவாசன். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரிக்கு மனுப் போட்டவர். இண்டர்மீடியட் பரீட்சையில் 450-க்கு 369 மார்க்கு வாங்கியிருந்தார். மார்க்கை மட்டும் பார்த்தால் அவருக்கு இடம் கிடைத்திருக்கும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டது.

1950 ஜூலை 27-ந் தேதி ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது. வகுப்புவாரி உத்தரவு செல்லாது! அரசாங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 7 நீதிபதிகள் விசாரித்தார்கள். 1951 ஏப்ரல் 9-ந் தேதி அவர்களும் அதே முடிவைச் சொன்னார்கள்.

அரசாங்கத்தின் வாதம் 46-வது பிரிவை ஆதாரமாகக் கொண்டது. மக்களில் நலிந்த பிரிவினரின் கல்வி நலனையும் பொருளாதார நலனையும் அரசு தனிக் கவனத்தோடு வளர்க்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் அது வழிகாட்டும் கொள்கைதான். அடிப்படை உரிமையை அது மீற முடியாது என்று நீதிபதிகள் கூறிவிட்டார்கள்.

இன்னொன்றையும் அவர்கள் சுட்டிக் காட்டினார்கள். உத்தியோகம் பற்றிய 16-வது பிரிவில், பிற்பட்ட வகுப்பாருக்கு இடம் ஒதுக்கலாம் என்று தனியாக ஒரு விதி இருக்கிறது. கல்லூரிப் படிப்பைப் பற்றிய 29-வது பிரிவில் அப்படி ஒரு விதி இல்லை. இல்லாததை எப்படி உண்டு என்று சொல்வது?

ஒரு பக்கமும் மறு பக்கமும்

தீர்ப்பினால் சென்னையில் பெரும் பரபரப்பு உண்டாயிற்று. பெரியார் ஈ.வெ.ரா. கிளர்ச்சி தொடங்கினார். ஊர் ஊராகக் கூட்டங்கள் நடந்தன.

இரண்டு தரப்பிலும் நியாயம் பேசப்பட்டது. "நன்றாகப் படித்து மார்க்கு வாங்கிய பையனை, அவன் பிறந்த சாதிக்காகத் திருப்பி அனுப்பலாமா?" என்று கேட்டது ஒரு தரப்பு. "பாட்டன் காலத்திலிருந்து பள்ளிக்கூட வாசலை மிதிக்காத குடும்பத்துப் பையனையும், பரம்பரையாகப் படித்த வீட்டுப் பையனையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொன்னால் அது பந்தயமா?" என்று கேட்டது மறு தரப்பு.

சட்டத்தைத் திருத்துவது என்று மத்திய அரசாங்கம் முடிவு செய்தது. அப்போது முதல் பொதுத்தேர்தல்கூட நடக்கவில்லை. தற்காலிகப் பார்லிமெண்டுதான் இருந்தது. 1951 மே 12-ந் தேதி பிரதமர் நேரு திருத்த மசோதாவைக் கொண்டு வந்தார். பேச்சுரிமை, நிலச் சீர்திருத்தம் முதலிய விஷயங்களும் அதே மசோதாவில் இருந்தன.

இடம் மாறிய சொல்

இங்கேதான் நமது சொல் மேடை ஏறுகிறது.

மசோதாவின் நோக்கத்தை விளக்கும் குறிப்பில், பிற்பட்ட வகுப்பாரின் 'கல்வி, பொருளாதார, சமூக முன்னேற்றத்துக்காக' அரசு செய்யும் ஏற்பாடுகள் என்று எழுதியிருந்தது. அங்கே 'எஜுகேஷனல்' என்பது பெயருரிச்சொல். அது முன்னேற்றம் என்ற சொல்லைத் தழுவி நின்றது.

முடிவில் நிறைவேறிய சட்டத்திலோ, 'சமூக வகையிலும் கல்வி வகையிலும் பிற்பட்ட வகுப்பாரின் முன்னேற்றத்துக்காக' என்று வந்தது. 'எஜுகேஷனல்' போயிற்று, 'எஜுகேஷனலி' வந்தது. சொல் முன்னேற்றத்தை விட்டுவிட்டு, 'பிற்பட்ட' என்பதைப் பிடித்துக்கொண்டது.

இதனால் என்ன மாறிவிட்டது என்று கேட்கலாம். எல்லாமே மாறிவிட்டது! முன்னது, அரசு என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறது. பின்னது, யாருக்குச் செய்யலாம் என்பதைச் சொல்கிறது. முன்னது உதவியின் பெயர். பின்னது உதவி பெறுகிறவரின் அடையாளம்.

இந்தச் சொற்றொடர் புதிதாக உண்டாக்கப்பட்டதல்ல. பிற்பட்டோர் நிலையை ஆராயக் கமிஷன் அமைக்கலாம் என்று கூறும் 340-வது பிரிவில் அது முதலிலிருந்தே இருந்தது. அங்கிருந்து எடுத்து 15-வது பிரிவில் 4-வது உட்பிரிவாக வைத்தார்கள்.

"பொருளாதார வகையிலும்" என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும் என்று சில அங்கத்தினர்கள் கேட்டார்கள். நேரு இணங்கவில்லை. 'சமூக வகையில்' என்பது பரந்த சொல். பொருளாதாரமும் அதற்குள் அடங்கிவிடும் என்பது அவர் சொன்ன சமாதானம்.

1951 ஜூன் 18-ந் தேதி முதலாவது திருத்தம் சட்டமாயிற்று. அரசியல் சட்டம் பிறந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. சென்னையில் எழுந்த வழக்கு அதற்குள் அதைத் திருத்தவைத்துவிட்டது.

"உம்" என்ற ஒரு சொல்

கதை அதோடு முடிந்ததா? இல்லை.

'சமூக வகையிலும் கல்வி வகையிலும்' என்று எழுதியாயிற்று. இரண்டிலும் பிற்பட்டிருக்க வேண்டுமா? அல்லது ஏதாவது ஒன்றில் பிற்பட்டிருந்தால் போதுமா?

இந்தக் கேள்விக்கு 1962-ல் பதில் கிடைத்தது. அந்த ஆண்டு ஜூலை 31-ந் தேதி மைசூர் அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. மருத்துவ, என்ஜினீயரிங் கல்லூரிகளில் பிற்பட்டோருக்கு 28 சதவிகிதம், மிகவும் பிற்பட்டோருக்கு 22, ஷெட்யூல்டு வகுப்பாருக்கு 15, மலைசாதியாருக்கு 3 என்று ஒதுக்கியது. கூட்டினால் 68. பாக்கி 32 சதவிகிதம்தான் பொதுப் போட்டிக்கு.

பாலாஜி என்ற மாணவரும் மற்றவர்களும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். செப்டம்பர் 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. 'உம்' என்றால் 'உம்'தான், 'அல்லது' அல்ல. சமூகத்திலும் பிற்பட்டிருக்க வேண்டும், கல்வியிலும் பிற்பட்டிருக்க வேண்டும் என்று நீதிபதிகள் கூறினார்கள். ஒதுக்கீடு பொதுவாக 50 சதவிகிதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில்தான் வந்தது.

நமது தமிழ் இலக்கணத்தில் இந்த 'உம்'முக்கு எண்ணும்மை என்று பெயர். 'இராமனும் இலட்சுமணனும் வந்தார்கள்' என்றால் இருவரும் வந்தாக வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் அந்த வாக்கியம் பொய். பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரிந்த அந்த விதிதான் டில்லியில் வழக்காக நடந்தது.

கல்வியை அளப்பது எப்படி?

'கல்வி வகையில் பிற்பட்ட' என்று சொல்லிவிடலாம். அதை அளக்க ஒரு கோல் வேண்டுமே!

மைசூரில் ஒரு கணக்குப் போட்டார்கள். உயர்நிலைப் பள்ளியின் கடைசி மூன்று வகுப்புகளில் ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் ஆயிரம் பேருக்கு எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று எண்ணினார்கள். ராஜ்யம் முழுவதற்கும் சராசரி 6.9. லிங்காயத்துச் சமூகத்தில் 7.1. சராசரிக்குக் கொஞ்சம் மேலே இருந்தவர்களையும் மைசூர் அரசாங்கம் பிற்பட்டோர் பட்டியலில் வைத்தது.

இதை நீதிபதிகள் ஏற்கவில்லை. சராசரியை ஒட்டி நிற்பவர்களைக் கல்வியில் பிற்பட்டவர்கள் என்று சொல்ல முடியாது. சராசரிக்கு வெகுவாகக் கீழே இருக்க வேண்டும், சராசரியில் பாதிக்கும் குறைவாக இருந்தால் ஐயமே இல்லை என்றார்கள். ஆக, ஆயிரத்துக்கு ஒரு பிள்ளை, அரைப் பிள்ளை கூடினாலும் குறைந்தாலும் ஒரு சமூகத்தின் தலைவிதி மாறும் என்ற நிலை வந்துவிட்டது!

பின்னர் மண்டல் கமிஷன் வந்தது. 1979 ஜனவரி 1-ந் தேதி அமைக்கப்பட்ட இந்தக் கமிஷன், 1980 டிசம்பர் 31-ந் தேதி அறிக்கை கொடுத்தது. அது 11 அடையாளங்களைக் குறித்து, அவற்றுக்கு மார்க்கும் போட்டது. சமூக அடையாளங்கள் 4. ஒவ்வொன்றுக்கும் 3 மார்க்கு. கல்வி அடையாளங்கள் 3. ஒவ்வொன்றுக்கும் 2 மார்க்கு. பொருளாதார அடையாளங்கள் 4. ஒவ்வொன்றுக்கும் 1 மார்க்கு. மொத்தம் 22. அதில் பாதியான 11 மார்க்கு வாங்கிய வகுப்பு பிற்பட்ட வகுப்பு. பரீட்சையில் மார்க்கு வாங்கினால் பெருமை. இங்கே மார்க்கு கூடக்கூடத் துயரம்!

கல்விக்கு உரிய அந்த மூன்று அடையாளங்கள் யாவை?

ஒன்று: 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளில் பள்ளிக்கூடமே போகாதவர்கள் ராஜ்யத்தின் சராசரியைவிட 25 சதவிகிதமாவது அதிகமாக இருக்க வேண்டும்.

இரண்டு: அதே வயதில் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்களும் சராசரியைவிட 25 சதவிகிதமாவது அதிகமாக இருக்க வேண்டும்.

மூன்று: மெட்ரிகுலேஷன் தேறியவர்கள் சராசரியைவிட 25 சதவிகிதமாவது குறைவாக இருக்க வேண்டும்.

அகராதியில் இரண்டு வரியில் அடங்கும் சொல்லுக்கு உண்மையான பொருள் இதுதான். பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. போய்ப் பாதியில் திரும்பிய பிள்ளை. கடைசிப் பரீட்சை வரை எட்டாத பிள்ளை. இந்த மூன்று பிள்ளைகளும் சேர்ந்ததுதான் அந்தச் சொல்.

கதவுக்கு வெளியே நின்ற சொல்

1951-ல் இடம் கிடைக்காமல் போன 'பொருளாதார வகையில்' என்ற சொல் என்ன ஆயிற்று?

அது வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தது. 1991-ல் மத்திய அரசாங்கம் பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்கு 10 சதவிகிதம் ஒதுக்கி உத்தரவு போட்டது. 1992 நவம்பர் 16-ந் தேதி, மண்டல் வழக்கின் தீர்ப்பில், சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. 2019-ல் 103-வது திருத்தம் வந்தது. 'பொருளாதார வகையில் நலிந்த பிரிவினர்' என்ற சொற்றொடர் 15, 16-வது பிரிவுகளில் ஏறியது. 2022 நவம்பர் 7-ந் தேதி 5 நீதிபதிகளில் 3 பேர் அது செல்லும் என்றும், 2 பேர் செல்லாது என்றும் தீர்ப்புக் கூறினார்கள். ஒரு வினையுரிச்சொல் உள்ளே நுழைய 68 ஆண்டுகள் ஆயின!

'எஜுகேஷனலி'யும் சும்மா இருக்கவில்லை. தனியார் கல்லூரிகளைப் பற்றிய 93-வது திருத்தத்திலும் அது இடம் பெற்றது. 2018-ல் 102-வது திருத்தம் அதற்கு அரசியல் சட்டத்தில் தனி விளக்கமே கொடுத்தது. பிற்பட்டோர் பட்டியலைத் தயாரிப்பது மத்திய அரசா, மாநில அரசா என்ற தகராறு எழுந்தபோது, மாநிலங்கள் தங்கள் பட்டியலைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று 2021-ல் 105-வது திருத்தம் கூறியது.

லண்டனில் அதே சொல்

இனி கடல் கடந்து போவோம்.

இங்கிலாந்தில் 1944-ல் புதிய கல்விச் சட்டம் வந்தது. மறு ஆண்டு விதிகள் எழுதினார்கள். தனிக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளை 11 வகையாகப் பிரித்தார்கள். பார்வை இல்லாதவர்கள், காது கேளாதவர்கள், காக்காய் வலிப்பு உள்ளவர்கள் என்று போகும் அந்தப் பட்டியலில் ஒரு வகைக்கு 'எஜுகேஷனலி சப்நார்மல்' என்று பெயர். 'கல்வி வகையில் சராசரிக்குக் கீழ்ப்பட்டவர்' என்று பொருள்.

இப்படி ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்ததில் நல்ல எண்ணம் இருந்தது. அதற்கு முன் அங்கே புழங்கிய சொற்கள் மிகவும் கொடியவை. 'முட்டாள்', 'மூளை பலவீனமானவர்' என்ற பொருள்படும் சொற்களே சட்டத்தில் இருந்தன. அவற்றைவிட இது மென்மையானது என்று கருதினார்கள். பிள்ளைக்குக் குறையில்லை, படிப்பில்தான் குறை என்று சொல்வதுபோல் இருந்தது. 'எஜுகேஷனலி' என்ற சொல் ஊசிக்கு முன்னால் தடவும் மருந்துபோல் முன்னே வந்து நின்றது.

ஆனால் ஊசி ஊசிதானே!

1950-களிலும் 1960-களிலும் ஜமைக்கா, பார்படோஸ் முதலிய கரீபியன் தீவுகளிலிருந்து ஏராளமான குடும்பங்கள் இங்கிலாந்துக்குப் பிழைக்க வந்தன. அவர்களுடைய பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தார்கள். புதிய ஊர், புதிய குளிர், புதிய பேச்சு. அவர்களுக்கு அறிவுச் சோதனை வைத்தார்கள். சோதனையில் வந்த சொற்களோ ஆங்கிலேயர் வீட்டில் புழங்குபவை. தண்ணீர்க் குழாயைக் கரீபியன் பிள்ளை 'பைப்' என்று சொல்லி வளர்ந்தது. இங்கிலாந்தில் அது 'டாப்'. குழாயைத் தெரியாத பிள்ளை அல்ல அது; அந்தச் சொல்லைத் தெரியாத பிள்ளை. சோதனைத் தாளுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

பிள்ளைகள் தனிப்பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 'விசேஷப் பள்ளி' என்றதும், விசேஷமான நல்ல பள்ளி போலும் என்று நம்பிப் பெற்றோர்கள் மகிழ்ந்ததும் உண்டு. அங்கே போன பிள்ளை பெரும்பாலும் சாதாரணப் பள்ளிக்குத் திரும்பி வரவில்லை. பரீட்சை எழுதாமலும் சான்றிதழ் இல்லாமலும் படிப்பு முடிந்து போயிற்று.

1967-ல் லண்டன் நகரக் கல்வி அதிகாரிகளின் கணக்கு ஒன்று இருந்தது. சாதாரணப் பள்ளிகளில் குடியேறியவர்களின் பிள்ளைகள் 15 சதவிகிதம். இந்தத் தனிப்பள்ளிகளிலோ 28 சதவிகிதம்!

1971-ல் பெர்னார்டு கோர்டு என்ற ஆசிரியர் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அவர் கிரெனடா தீவைச் சேர்ந்தவர். அத்தகைய பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். மேற்கிந்தியப் பிள்ளை பிரிட்டிஷ் பள்ளிகளில் எவ்வாறு 'எஜுகேஷனலி சப்நார்மல்' ஆக்கப்படுகிறது என்பதே புத்தகத்தின் தலைப்பு.

'ஆகிறது' என்று அவர் எழுதவில்லை. 'ஆக்கப்படுகிறது' என்று எழுதினார். அந்த ஒரு வினைச்சொல்லில் வழக்கு முழுவதும் அடங்கிவிட்டது.

பெற்றோர்கள் விழித்துக்கொண்டார்கள். கூட்டங்கள் போட்டார்கள். சனிக்கிழமைகளில் தாங்களே பள்ளிகள் நடத்திப் பிள்ளைகளுக்குக் கணக்கும் வாசிப்பும் சொல்லிக்கொடுத்தார்கள். 1978-ல் வார்னாக் குழு அறிக்கை வந்தது. பிள்ளைகளை இப்படி வகை வகையாக முத்திரை குத்துவதை விட்டுவிட்டு, அந்தந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்று பார்க்க வேண்டும் என்றது குழு. 1981-ல் வந்த கல்விச் சட்டம் பழைய வகைகளை ஒழித்தது. 'எஜுகேஷனலி சப்நார்மல்' என்ற சொற்றொடர் சட்டத்திலிருந்து மறைந்தது. அந்தப் பள்ளிகளில் படித்தவர்களில் சிலர், முதியவர்களான பிறகு, 2021-ல் பி.பி.சி. எடுத்த ஒரு படத்தில் தங்கள் கதையைச் சொன்னார்கள்.

ஒரே சொல், இரண்டு வேலை

வேடிக்கையைப் பாருங்கள். சொல் ஒன்றுதான். சென்னையில் அது கதவைத் திறந்தது. லண்டனில் அது கதவை அடைத்தது.

ஏன் இப்படி? இந்திய அரசியல் சட்டத்தில் அந்தச் சொல் ஒரு வகுப்பைக் குறித்தது. "இவர்களுக்குப் படிப்பு கிடைக்கவில்லை, ஆகையால் கூடுதலாகக் கொடு" என்றது. இங்கிலாந்தின் விதியில் அது ஒரு குழந்தையைக் குறித்தது. "இந்தக் குழந்தைக்குப் படிப்பு வராது, ஆகையால் குறைத்துக் கொடு" என்று அதை நடைமுறையில் பொருள் செய்துகொண்டார்கள். கிடைக்கவில்லை என்பது வேறு. வராது என்பது வேறு. முன்னதற்கு மருந்து உண்டு. பின்னது வெறும் சாபம்.

தமிழ் இந்த வித்தியாசத்தைத் தன் போக்கிலேயே கண்டுகொண்டது. பழைய பத்திரிகைகளிலும் உத்தரவுகளிலும் 'பிற்பட்டோர்' என்று எழுதுவார்கள். தானாகப் பின்னே நின்றவர் என்று அது பொருள்படும். இன்று தமிழ்நாட்டு அரசின் துறைக்கே 'பிற்படுத்தப்பட்டோர்' நலத்துறை என்றுதான் பெயர். நடுவில் 'படுத்த' என்று நான்கெழுத்துச் சேர்ந்தது. யாரோ பின்னே தள்ளியதால் பின்னே நிற்பவர் என்று பொருள் மாறிவிட்டது. லண்டன் ஆசிரியர் 'ஆக்கப்படுகிறது' என்று எழுதியதும், தமிழர்கள் 'படுத்தப்பட்டோர்' என்று எழுதுவதும் ஒரே கருத்துத்தான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தச் சொல்லை எழுதும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது எழுத்துப் பிழை. 'எஜுகேஷனல்' என்பதில் 'எல்' எழுத்து ஒன்று. 'லி' சேரும்போது இன்னொரு 'எல்' வரும். ஆகவே இரண்டு 'எல்' எழுத வேண்டும். பலர் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது இடம். எதைப் பற்றிச் சொல்கிறதோ, அந்தச் சொல்லுக்கு முன்னால் அது நிற்க வேண்டும். வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்தால் முழு வாக்கியத்துக்கும் 'கல்வியைப் பொறுத்தவரையில்' என்று பொருள் தரும்.

மூன்றாவது, இதனோடு குழம்பும் சொல். 'எஜுகேட்டட்' என்றால் படித்தவர். 'எஜுகேஷனல்' என்றால் கல்வி சம்பந்தமான. 'படித்த நிலையம்' என்று யாராவது எழுதுவார்களா? 'கல்வி நிலையம்' என்பதுதானே சரி!

அகராதி சொல்லித்தரும் விஷயங்கள் இவ்வளவே. அகராதியில் இல்லாதது ஒன்று உண்டு. இந்தச் சொல்லை யாரைப் பற்றியாவது எழுதும்போது, எழுதுகிறவர் ஒரு முறை நின்று யோசிக்க வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பிள்ளை நிற்கிறது. எழுதப்போகும் வரி அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே அழைக்கிறதா, வெளியே அனுப்புகிறதா?